விரிசல் என்று நினைத்தது விரிசலே இல்லை: ஒரு 38ஆம் வகை மாதிரி ரைஃபிளைச் சரிசெய்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுடாது. பிளாஸ்டிக் குண்டுகூடப் போகாது. ஜப்பானில் மாடல் கன் என்று ஒரு தனி வகையே இருக்கிறது. வெளித்தோற்றம், பாகங்கள் அசையும் விதம், கழற்றி மாட்டும் முறை எல்லாம் அசலைப் போலவே இருக்கும், ஆனால் குழல் அடைத்திருக்கும், உலோகம் மென்மையான துத்தநாகக் கலவையாக இருக்கும். போலித் தோட்டாவைப் போட்டு போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே எடுக்கும் உருளையை, இழுத்தால் தோட்டா துள்ளி வெளியே விழும், அதோடு அதன் வீரம் முடிந்தது.

எனக்குக் கைத்துப்பாக்கிகளில் ஆசை கிடையாது. ராணுவ ரைஃபிள்கள் மட்டும்தான், அதிலும் மரக்கட்டை வைத்தவை மட்டும். டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கும் எங்கள் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் ஒன்றரை அடி இடம் எனக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் ஒரு ஜெர்மன் கார்98கே, ஒரு அமெரிக்க எம்1 கார்பைன், இப்போது மூன்றாவதாக இந்த 38ஆம் வகை, ஜப்பான் ராணுவத்தின் பழைய ரைஃபிள் ஒன்றின் மாதிரி. நான்காவதுக்கு இடமில்லை என்று வீட்டில் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அப்பாதான். புதுக்கோட்டையில் ஆயுதப்படைக் காவலராக இருந்தவர். த்ரீ நாட் த்ரீ ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்பில் போகிற அப்பாவைச் சுதந்திர தினத்தன்று மைதானத்தின் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். துப்பாக்கி சுடுவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் கட்டையின் பளபளப்பும், எல்லோரும் ஒரே நேரத்தில் அதில் அடிக்கும்போது வரும் 'டப்' என்ற சத்தமும் அப்படியே மனதில் நின்றுவிட்டது. அதனால் எனக்குத் துப்பாக்கி என்றால் மரம்தான். இரும்பு அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் இணைய ஏலத்தில் இது வந்தது. விவரத்தில் மூன்று குறைகள் போட்டிருந்தார்கள்: கட்டையில் பின்பக்கம் நீளமான விரிசல், போல்ட் கைப்பிடி உடைந்து தனியாக இருக்கிறது, மேல் மூடி ஆடுகிறது, உதிரிப் பாகங்களுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று. நல்ல நிலையில் இருந்தால் என் கைக்கு எட்டாத பொருள். 42,000 யென்னுக்கு விழுந்தது. புகைப்படத்தில் பட் பகுதியில், அதாவது தோளில் வைக்கும் பின்பாகத்தில், பிடிக்குப் பின்னாலிருந்து கடைசிவரை, ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் என்று இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, மரம் எங்காவது அவ்வளவு நேராக வெடிக்குமா?

நான் யோசிக்கவில்லை. பொருள் வந்த அன்று இரவே, கையில் இருந்த தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூவை எடுத்து அந்தக் கோடு முழுக்க விட்டு, கவ்வி போட்டு இறுக்கினேன். காலையில் பார்த்தால் கோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. இந்தப் பசையின் ஆவி பக்கத்திலேயே படிந்தால் அப்படித்தான் வெளுக்கும். சரி, தேய்த்தால் போய்விடும் என்று விட்டேன். அப்புறம்தான் அசல் ரைஃபிளின் படங்களைத் தேடிப் பார்த்தேன். அதைப் பசை போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

38ஆம் வகையின் பட் ஒரே மரத்தில் செய்தது இல்லை. மேல்பாகம் ஒரு துண்டு, கீழே முக்கோணமாக இறங்கும் பாகம் இன்னொரு துண்டு, இரண்டையும் காடி வெட்டிப் பொருத்தி ஒட்டியிருப்பார்கள். முழுக் கட்டையையும் ஒரே பலகையில் எடுப்பதென்றால் பட் கீழே இறங்கும் அளவுக்கு அகலமான பலகை வேண்டும், அதில் முன்பக்கம் முழுக்கக் கழிவாகப் போய்விடும். தனித் துண்டாக ஒட்டினால் குறுகிய பலகை போதும். மரம் மிச்சம் பிடிக்க வந்த யோசனை. லட்சக்கணக்கில் செய்கிற பொருளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விரல் அகல மரம் மிச்சமானால் என்ன கணக்கு ஆகும் என்று பாருங்கள். இந்த மாதிரியைச் செய்தவர்கள் அந்த இணைப்புக்கோட்டைக்கூட விடாமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். விற்றவருக்கு அது தெரியவில்லை, வாங்கிய எனக்கும் தெரியவில்லை. அந்த அறியாமையால் விலை குறைந்தது என்பதால் எனக்குப் புகார் இல்லை, ஆனால் நல்ல இணைப்பு ஒன்றை நானே பசை விட்டுக் கெடுத்தேன் என்பது உறுத்தலாகத்தான் இருந்தது.

உண்மையான விரிசல் வேறு இடத்தில் இருந்தது. முழுக்கக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.

கழற்றுவது சுலபம். குழலுக்கு அடியில் இருக்கும் துடைப்புக் கம்பியை உருவி, முன்மூக்கையும் நடுவளையத்தையும் முன்னால் தள்ளி எடுத்து, அடியில் டிரிகர் கார்டை, அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தை, பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கழற்றினால் இரும்புப் பகுதி தனியாக, கட்டை தனியாக வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தத் திருகுகளின் தலையில் ஒற்றைக் கோட்டுப் பள்ளம்தான் இருக்கும், கடையில் வாங்கும் ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் பள்ளத்தில் பாதியில் நின்று வழுக்கி ஓரத்தைக் கிழித்துவிடும். மலிவான ஒன்றை வாங்கி, முனையை அரத்தில் தேய்த்து, பள்ளத்தின் அடிவரை ஆடாமல் உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. என் கார்98கேவில் இருக்கும் மூன்று கீறல்கள் இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் வந்தவை.

பின்திருகு போகும் இடத்தில், உலோகத்தின் வால் மாதிரி ஒரு பட்டை பிடியின் மேல்பக்கமாக நீண்டு மரத்துக்குள் பதிந்திருக்கும். அந்த வால் முடியும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை விரிசல், நாலு சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியவில்லை, ஈரத்துணியால் துடைத்ததும் கறுப்பாக ஒரு கோடு நின்றது. காரணம் எளிது. திருகு தளர்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறை போல்ட்டை அடித்து இழுக்கும்போதும் உலோகம் பின்னால் நகர்ந்து, அந்த வால் உளி மாதிரி மரத்தைப் பிளந்திருக்கிறது. அசல் துப்பாக்கிகளிலும் கட்டை வெடிக்கும் வழக்கமான இடம் இதுதான் என்பதால், ஒருவகையில் இந்தப் பொம்மை அசலுக்கு உண்மையாக நடந்துகொண்டிருக்கிறது.

இந்த முறை அவசரப்படவில்லை. மரப்பசையை, அதாவது நம்மூர் ஃபெவிகால் மாதிரியான ஒன்றை, கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, விரிசலை விரலால் லேசாக விரித்துப் பிடித்துக்கொண்டு, பல் இடுக்கில் விடும் நூலைப் பசையில் நனைத்து உள்ளே வைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். மறுபக்கம் பசை எட்டிப்பார்க்கும்வரை. பிறகு கவ்வி போடவில்லை, பிடி உருண்டையாக இருப்பதால் கவ்வி வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை அரை அங்குல அகலத்துக்கு நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினேன். பஞ்சர் கடையில் பார்த்துக் கற்ற வித்தை, எந்தக் கவ்வியும் இவ்வளவு சீராக இறுக்காது. ஒரு நாள் விட்டு அவிழ்த்தபோது கோடே தெரியவில்லை. அத்தோடு நிறுத்தினால் மறுபடி வெடிக்கும், அதனால் அந்த வாலின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி உளியால் லேசாகச் சீவிவிட்டேன். இனி உலோகம் நகர்ந்தாலும் மரத்தை முட்டாது.

இந்தக் கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோ அழைப்பில் வந்தார். மேசை முழுக்கப் பாகங்கள்.

"டேய், என்னடா இது, வீட்டுக்குள்ள ஆர்மரர் கடை போட்டுட்டியா?"

"பொம்மதான்ப்பா. ஜப்பான்காரன் பழைய ரைஃபிள் மாதிரி செஞ்சது."

"எவ்வளவு நீளம்?"

"ஒண்ணேகால் மீட்டருக்கு மேலப்பா. அசல் 127 சென்டிமீட்டர் சொச்சம்."

"நம்மளுதவிட நீளமா இருக்கே. பயனெட் மாட்டுனா ஆளவிட ஒசரமா இருக்கும்போல."

கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொன்னார். அப்பா பிடித்த த்ரீ நாட் த்ரீ, எஸ்எம்எல்இ என்ற வகை, 113 சென்டிமீட்டர். இதில் பயனெட் என்ற முனைக்கத்தியை மாட்டினால் 166 சென்டிமீட்டர், என் உயரத்துக்கு மூன்று சென்டிமீட்டர்தான் குறைவு. கட்டைக்கு என்ன எண்ணெய் என்று அடுத்த கேள்வி. அவர்களுக்கு ஆளிவிதை எண்ணெய், குழலைத் துடைக்கப் புல்த்ரூ என்ற கயிறு, அதில் கோத்து இழுக்க ஃபோர் பை டூ என்ற துண்டுத் துணி. இதையெல்லாம் சொல்லும்போது அவர் கை தானாகவே கயிறு இழுக்கிற மாதிரி அசைந்தது. எண்ணெய் இல்லப்பா, இது வேற பூச்சு என்றேன். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

அசல் 38ஆம் வகையின் கட்டைக்கு உருஷி பூசியிருப்பார்கள். உருஷி என்றால் ஒரு மரத்தின் பால். நம்மூர் அரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அரக்கு பூச்சியிலிருந்து வருவது, இது மரப்பட்டையைக் கீறி வடிப்பது. ஜப்பானியக் கிண்ணங்களில் பார்க்கிற அந்த ஆழமான பளபளப்பு இதுதான். இதில் விந்தை என்னவென்றால் இது காய்ந்து இறுகுவதற்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். பாலில் இருக்கும் ஒரு நொதி காற்றின் ஈரப்பதத்தில்தான் வேலை செய்யும். ஈரப்பதம் 70, 80 சதவீதமும் 20 முதல் 25 டிகிரி வெப்பமும் இருந்தால் ஒரே நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், குளிர்காலத்து வறண்ட காற்றில் வாரக்கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும். அதனால் ஜூன் மாத மழைக்காலம்வரை காத்திருந்தேன்.

அதற்கு முன்னால் பழைய பூச்சை எடுக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும் வார்னிஷ் அடித்திருந்தார். உப்புத்தாள் வைத்தால் விளிம்புகள் மழுங்கிவிடும், அந்தக் கூர்மையான விளிம்புகள்தான் கட்டைக்கு அழகு. எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் கண்ணாடிச் சில்லை வைத்துக் கதவு சீவுவதைச் சின்ன வயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதே வேலை: உடைந்த புகைப்படச் சட்டத்தின் கண்ணாடி, ஒரு ஓரத்தைத் துணியில் சுற்றிப் பிடித்து, நம் பக்கமாகச் சாய்த்து இழுத்தால் வார்னிஷ் சுருள் சுருளாக வரும். முனை மழுங்கினால் அடுத்த சில்லு. பள்ளமாக அடிபட்டிருந்த இடங்களில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியின் நுனியால் அழுத்தினேன், ஆவியில் மரநார் உப்பி மேலே வந்துவிட்டது. ஆறு பள்ளத்தில் நாலு காணாமல் போயின. நார் அறுந்துபோன இடத்தில் மட்டும் ஒன்றும் நடக்காது.

"ஏங்க, அந்த இஸ்திரிப்பெட்டி நாளைக்கு என் சட்டைக்கு வேணும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. துடைத்துத்தான் வைத்தேன்.

பிறகு 240, 400, 600 என்று உப்புத்தாள், லேசாக, நார் போகும் திசையில் மட்டும். நான் சூப்பர் க்ளூ விட்ட கோடு அப்போது மரத்தோடு மரமாகத்தான் தெரிந்தது. போய்விட்டது என்று நம்பினேன்.

உருஷி பூசுவது இப்படி: குழாயிலிருந்து கொஞ்சம் பிதுக்கி, டர்பன்டைன் விட்டு இளக்கி, துணியால் மரத்தில் அழுத்தித் தேய்த்து, உடனே வேறு துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மேலே எதுவும் நிற்கக்கூடாது, மரம் குடித்தது மட்டும் போதும். இப்படி ஒரு நாளைக்கு ஒரு முறை, ஏழெட்டு முறை. குடித்த இடமெல்லாம் முதல் நாளே காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. குடிக்காத இடம் பளிச்சென்று வெளிறி நின்றது. பட்டின் பக்கவாட்டில், முழ நீளத்துக்கு, விரல் அகலத்தில், என் சூப்பர் க்ளூ கோடு. மார்ச்சில் செய்த பாவம் ஜூனில் எழுந்து நிற்கிறது. பசை மரத்தின் துளைகளை அடைத்துவிட்டால் உப்புத்தாளில் தேய்த்து ஒன்றும் ஆகாது, அது போன ஆழம்வரை மரத்தையே சீவ வேண்டும். மறுபடி கண்ணாடிச் சில்லு. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறக்க வேண்டியிருந்தது, அதுவும் அந்த இடம் மட்டும் குழியாகத் தெரியக்கூடாது என்று சுற்றிலும் சரிவாக. ஒரு வார இறுதி முழுக்கப் போனது.

அப்படிச் சீவிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வர, கையுறையைக் கழற்றிவிட்டுப் பேசினேன். பேசிவிட்டு மறுபடி மாட்டவில்லை. முதல் நாள் பூசிய உருஷி முழுதாக இறுகியிருக்கவில்லை, அதன் தூள் மணிக்கட்டில் படிந்தது. இரண்டு நாள் கழித்து மணிக்கட்டில் வரிவரியாகத் தடித்துக் கொப்புளம், நாலாம் நாள் இமைகள் வீங்கிக் கண் திறக்கவில்லை. தோல் மருத்துவர் கையைப் பார்த்ததுமே "உருஷியா?" என்றுதான் கேட்டார். களிம்பும் மாத்திரையும் கொடுத்தார், அடங்க இரண்டு வாரம்.

நம்மவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. சேங்கொட்டைப் பால் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சலவைக்கு வந்த துணியில் குறி போட்டுக் கொடுத்தார்களே, அதே கொட்டை. உருஷி மரம், சேங்கொட்டை, முந்திரி எல்லாம் ஒரே குடும்பம், மாமரமும்கூட. மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோன அனுபவம் இருப்பவர்கள் உருஷி பக்கம் போகும்போது இரட்டைக் கையுறை போடுங்கள். எனக்கு அந்த அனுபவம் பத்து வயதிலேயே உண்டு, ஆனால் மாங்காயையும் ரைஃபிளையும் சேர்த்து யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

இதற்கு மாற்று என்ன என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த விஷயம். ஜப்பானில் உருஷிக்குப் பதிலாகக் 'காஷூ' என்று ஒரு பெயின்ட் விற்கிறது. தூண்டில் கம்புகளுக்குக்கூடப் பூசுவார்கள். காஷூ என்றால் வேறொன்றுமில்லை, முந்திரி. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயிலிருந்து செய்வது. புதுக்கோட்டையில் எங்கள் பக்கத்திலும் அந்தப் பக்கம் பண்ருட்டியிலும் ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுப்பாக்குகிற அதே எண்ணெய். இங்கே பதப்படுத்தி டப்பாவில் அடைத்து, உருஷிக்குத் தம்பி என்று விற்கிறார்கள். ஈரப்பதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உருஷி அளவுக்குக் கை வேகாது, தேன் நிறத்தில் இருக்கிறது, மெல்லிசாகப் பூசினால் உருஷிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்கு முடியாது. வாடை மட்டும் பலமாக இருக்கும், பால்கனியில்தான் வேலை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. "முந்திரிக்கொட்டைப் பெயின்ட்டா, ஜப்பான் துப்பாக்கிக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

உருஷி இரண்டு கை, அதற்கு மேல் காஷூ மூன்று கை. தூய்மைவாதிகள் மன்னிக்கவும்.

இப்போது உலோகம். உடைந்த போல்ட் கைப்பிடி அடியோடு துண்டாகியிருந்தது. துத்தநாகம் இரும்பு மாதிரி வளையாது, பிஸ்கட் மாதிரி உடையும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருக்கும். சால்டரிங் பிடிக்காது. இரண்டு முகத்திலும் கையால் திருகும் சின்ன டிரில்லில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி, அரால்டைட் வகைப் பசை போட்டு ஒரு நாள் விட்டேன். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வருவதுதான் கஷ்டம். ஒரு முகத்தில் துளை போட்டுக் கம்பியைச் செருகி, அதன் நுனியில் மை தொட்டு மற்ற முகத்தில் ஒற்றி எடுத்தால் இடம் கிடைத்துவிடும். என் கைப்பிடி ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது, சொன்னால்தான் தெரியும்.

இங்கே சட்ட விஷயம் கொஞ்சம். ஜப்பானில் 1971இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகள் குழலை அடைத்து, வெள்ளை அல்லது மஞ்சள் பூசித்தான் இருக்க வேண்டும். 1977இல் அமைப்பையும் உலோகத்தையும் பற்றிய விதிகள் இன்னும் இறுகின. நீளத் துப்பாக்கி மாதிரிகள் கறுப்பாக இருக்கலாம். ஆனால் குழலுக்குள் இருக்கும் அடைப்பு, தோட்டா உட்காரும் அறை, இந்த இரண்டின் பக்கமும் நான் துரப்பணத்தைக் கொண்டுபோவதே இல்லை. கைப்பிடி, திருகு, கட்டை, வெளிப்பூச்சு, இவ்வளவுதான் என் எல்லை. வெளியே எடுத்துப் போனால் நீளப் பையில் போட்டு மூடித்தான். ஊருக்குக் கொண்டுவரும் எண்ணமே கிடையாது, விமான நிலையத்தில் இதை விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

மேல் மூடி ஆடுகிறது என்று போட்டிருந்தார்களே, அது தகட்டில் செய்த வளைந்த மூடி, புழுதி உள்ளே போகாமல் இருக்க போல்ட்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடும். அதைச் சரிசெய்ய உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அசலிலேயே இது கடகடவென்று சத்தம் போடும், அதனால் பல சிப்பாய்கள் கழற்றிவிட்டார்கள் என்று சொல்வார்கள். குறை என்று போட்டிருந்த மூன்றில் இரண்டு குறையே இல்லை என்று ஆனது.

விவரத்தில் போடாத ஒன்று இருந்தது. குழல் வந்து சேரும் இடத்தில் மேல்பக்கம் மூன்று எழுத்துகள், சன்பாச்சி ஷிகி, அதாவது 38ஆம் வகை. மெய்ஜி ஆண்டு 38, நம் கணக்கில் 1905. அதற்கு மேல் பதினாறு இதழ் செவ்வந்திப் பூ இருக்க வேண்டும், பேரரசருக்குச் சொந்தம் என்பதன் முத்திரை. 1945இல் சரணடைந்த பிறகு ஒப்படைத்த ரைஃபிள்களில் பெரும்பாலும் இந்தப் பூவைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். என்னிடம் வந்ததிலும் பூ இல்லை. முன்பு வைத்திருந்தவர் அந்தத் தோற்றம் வர வேண்டும் என்று அரத்தால் தேய்த்திருக்கிறார் போல, துத்தநாகம் வெள்ளையாகப் பல்லிளித்தது.

நான் பூவை மறுபடி செதுக்கத்தான் நினைத்தேன். அதற்கென்று மெல்லிய செதுக்குளி ஒன்று வாங்கினேன், பழைய தகட்டில் பதினாறு இதழ் வரைந்து பழகினேன், ஏழாவது பூ சுமாராக வந்தது. அடுத்த ஞாயிறு அப்பாவிடம் காட்டினேன். இந்தத் துப்பாக்கி எங்கெங்கே போனது என்று கேட்டார். ஆரம்பத்தில் செய்த இடம் டோக்கியோவில் கொய்ஷிகாவா ஆயுதச்சாலை, இப்போது அங்கே டோக்கியோ டோம் விளையாட்டரங்கம் நிற்கிறது, போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோமே அதே இடம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சீனா, மலேயா, பர்மா...

"மலேயாவா?"

"ஆமாப்பா."

"பெரிய தாத்தா மலேயாத் தோட்டத்துல இருந்தாருல்ல. சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனானுங்களே, அப்ப அவனுங்க கையில இருந்தது இதானா?"

இதுவாகவும் இருக்கலாம், இதற்குப் பின்னால் 1939இல் வந்த 99ஆம் வகையாகவும் இருக்கலாம் என்றேன். சயாம்–பர்மா பாதை 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்த இடம். பெரிய தாத்தாவிடமிருந்து அதற்கு அப்புறம் கடிதம் வரவில்லை என்பது மட்டும்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த முந்திரிப் பெயின்ட்டு காஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

செதுக்குளியைப் பெட்டியில் போட்டுவிட்டேன். தேய்த்த இடத்தைத் தேய்த்தபடியே கறுப்பாக்கினேன். அந்த வேலையும் சுலபமில்லை. இரும்பைக் கறுப்பாக்கும் மருந்து துத்தநாகத்தில் சரியாகப் பிடிக்காது, அலுமினியத்துக்கென்று விற்பது பிடிக்கும். முதலில் அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்த்து, பருத்தித் துண்டில் மருந்தை நனைத்து ஒற்றி, கறுத்ததும் தண்ணீரில் கழுவ வேண்டும். சன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு, இந்த முறை அழைப்பு வந்தாலும் எடுக்காமல். ஆசைப்பட்டு நிறைய நேரம் விட்டால் கரி மாதிரி பொடியாகக் கையில் ஒட்டும். மூன்று தடவை மெல்லிசாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே பஞ்சால் தேய்த்ததில், பக்கத்து உலோகத்தைவிட ஒரு சாயல் மட்டும் வெளிறிய கறுப்பு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அரத்தின் கோடுகள் தெரியும்.

கட்டையும் உலோகமும் நேற்று இரவு சேர்ந்தன. பின்திருகு இப்போது ஆடவில்லை, வாலுக்குப் பின்னால் அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி அப்படியே இருக்கிறது. பட்டின் இணைப்புக்கோடு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி கறுப்பு நூலாக ஓடுகிறது, சூப்பர் க்ளூ விட்ட இடம் எது என்று நானே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பிடியின் அடிப்பக்கம் மட்டும் காஷூ இன்னும் ஒட்டுகிறது, அங்கே கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிட்டேன். புதன்கிழமைவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். சின்னவனின் கட்டைவிரல் ரேகை ஏற்கெனவே அதில் பதிந்துவிட்டது.